குளிர்காலத்திற் சுக்கானும் பிறேக்கும்

மார்கழி விடியலில் அடுக்களையிலுள்ள தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் எண்ணெய் வாராது. வெண்மையாய் உறைந்து நிற்கும். வெயிலில் வைத்தாற் சிறிது நேரத்தில் உருகி ஓடும். யாழ்ப்பாணத்து விடியற் குளிரென்பது ஏறத்தாழ 22 பாகை செல்சியசே. அதற்கே எண்ணெய் இவ்வாறாயின், பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைவரை இறங்கவல்ல ரொறன்ரோ மாரியிலே மோட்டார் வண்டியின் எண்ணெய்கள் என்ன பாடுபடும்! நம் கல்லூரிப் பழைய மாணவர் பலர் இன்று கனடாவிலும் நோர்வேயிலும் வண்டி ஓட்டுகின்றனர். இங்குள்ளோரும் விடுமுறையில் நுவரெலியா ஏறி இறங்குகின்றனர். இருசாரார்க்கும் பயன்படுமெனக் கருதிச் சில கூறத் துணிந்தோம்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் எத்திசையும் குறையாது பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டிற் பஸ்கால் கண்ட உண்மை. மிதியிலே கால் வைத்தவுடன் நான்கு சில்லுகளிலும் பிறேக் பற்றுவது இதனாலேயாம். ஸ்ரியறிங் எனப்படும் சுக்கானுக்கு எண்ணெய் கைகொடுப்பதும் இதனாலேயே. பவர் ஸ்ரியறிங் 1951ஆம் ஆண்டிலே கிறைஸ்லர் இம்பீரியல் என்னும் அமெரிக்க வண்டியில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. நம் வீதிகளிற் புகழ்பெற்ற ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் ஆகியவற்றுக்கு அஃது இல்லை. ஓட்டுவோன் தோள்வலியே அவற்றின் சுக்கான் வலி.

முதலிற் சுக்கானை நோக்குவோம். இயந்திரம் பெல்ற் ஒன்றினாற் சிறு பம்பியைச் சுழற்ற, அப் பம்பி எண்ணெயைத் தள்ளிச் சில்லுகளைத் திருப்ப உதவுகின்றது. கடுங்குளிரில் அவ்வெண்ணெய் தடிக்கும். ஆதலின் விடியலிற் சுக்கான் பாரமாயிருத்தலும் பம்பி சற்று முனகுதலும் இயல்பு. சில நிமிடம் ஓடிச் சூடேறியபின் இவை நீங்குமாயின் அஞ்ச வேண்டுவதில்லை. அதுவரை சுக்கானை ஒரு பக்கத்து எல்லைவரை திருப்பிப் பிடித்து வைத்திருத்தல் தகாது, பம்பி வருந்தும். சூடேறிய பின்னும் பாரம் குறையாவிடின் குற்றம் குளிரிலன்று. எண்ணெய்க் கலத்தைத் திறந்து பார்க்குக. மட்டம் தாழ்ந்திருப்பின் எங்கோ ஒழுகுகின்றது. நுரைத்திருப்பின் காற்றுப் புகுந்துளது. திருப்பும்போது கீச்சென்று ஒலிப்பின் பெல்ற் தளர்ந்துளது. புதிய வண்டிகள் பலவற்றில் எண்ணெயின்றி மின்மோட்டாரே உதவுகின்றது. அவற்றிற் குளிரால் வலிகுன்றிய பற்றரியை முதலிற் சோதித்தல் நன்று.

இனிப் பிறேக். மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தாற் குழாயிற் காற்று உளது. மிதித்துப் பிடித்திருக்கையில் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் எண்ணெய் கசிகின்றது, அல்லது தலைமை உருளையின் றப்பர் தேய்ந்துளது. மிதி கல்லாய் இறுகினால் வெற்றிடத்தால் உதவும் பூஸ்ரர் வேலைசெய்யவில்லை. குளிர்நாட்டில் அதன் குழாயுள் நீர் உறைந்து அடைத்தலும் உண்டு. இதனை அறிவது எளிது. இயந்திரத்தை நிறுத்தி, மிதி இறுகும்வரை பலமுறை மிதித்து, காலை எடாது இயந்திரத்தை இயக்குக. மிதி சற்றுத் தாழ்ந்தாற் பூஸ்ரர் நலமாயுளது. தாழாவிடின் வண்டியை வீதிக்கு எடுத்தலாகாது. ஈரத்தோடு நிறுத்திய வண்டியின் கைப்பிறேக் கம்பி இரவில் உறைந்து பற்றிக்கொள்வதும் உண்டு. பனி நாட்டார் சமதரையிற் கைப்பிறேக்கை இழுக்காது கியரில் விட்டு நிறுத்துதல் இதனாலேயாம்.

பனியில்லாத நம் நாட்டிற் பகை ஈரமே. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. 'டொட் 3' என்னும் தரத்து எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 பாகைவரை கொதியாது, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்ததும் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியே இறங்குகையில் மேனி குளிரும், பிறேக்கோ கொதிக்கும். எண்ணெயிலுள்ள நீர் ஆவியாகும். ஆவி அமுக்கத்துக்கு ஒடுங்குமாதலின் மிதி வெறிதே தரையைத் தொடும். ஆகவே ஈராண்டுக்கு ஒருமுறை பிறேக் எண்ணெயை மாற்றுதலும், இறக்கத்திலே தாழ்ந்த கியரில் வருதலும் உயிர்க்காப்பாம். மொறிஸ் மைனர் வைத்திருப்போர் அதன் எண்ணெய்க் கலம் ஓட்டுவோன் காலடியில், தரைத்தட்டின் கீழ் இருப்பதை மறவாதிருத்தல் வேண்டும். கார்த்திகை வெள்ளத்தில் ஓடிய ட்ரம் பிறேக் வண்டியை மெல்ல ஓட்டிப் பிறேக்கைப் பலமுறை இலேசாய் மிதித்தால் ஈரம் காயும்.

ஒன்று கூறி முடிப்போம். 1990ஆம் ஆண்டு தொடங்கிய எரிபொருட் தடைக்காலத்திலே நம் குடாநாட்டவர் சிறிது பெற்றோல் விட்டு முடுக்கி, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினர். இல்லாத ஒன்றுக்கு மற்றொன்றைக் கொண்டு காரியம் பார்க்கும் அந்த மதிநுட்பம் போற்றத்தக்கதே. ஆயினும் பிறேக்கில் அது செல்லாது. இயந்திர எண்ணெயோ சுக்கான் எண்ணெயோ ஒரு சிறிது பிறேக் எண்ணெயிற் கலப்பினும் றப்பர்கள் ஊதிக் கெடும். கெட்டமை மிதிக்கும் வேளையிலேதான் தெரியவரும்.

வண்டி பழுதானாற் குளிரின்மேற் சாட்டுச் சொல்வது எவர்க்கும் எளிது. சுக்கானுக்கு அச்சாட்டுச் சில நிமிடம் பொருந்தும். பிறேக்குக்கு ஒரு நொடியும் பொருந்தாது. மிதியில் மாற்றம் கண்ட அன்றே வண்டியைக் கராச்சில் விடுக. வீட்டார் வழிபார்த்திருக்க வண்டியோட்டும் ஒவ்வொருவர்க்கும் இது கடனாகும்.