அவமதிப்பில் வளரும் பிள்ளையிடம் மரியாதையை எதிர்பார்க்கலாமா?

'இன்றைய பிள்ளைகளிடம் மரியாதை அற்றுப் போய்விட்டது' என்ற மனக்குறையை ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் அடிக்கடி கேட்கக் கூடியதாகவுள்ளது. இதனை முற்றாக மறுத்துவிட முடியாது. எனினும், மரியாதையைப் பிள்ளை எங்கிருந்து கற்றுக் கொள்கின்றது என்று ஆராயாமல் பிள்ளையை மாத்திரம் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது.

மொழியைப் போன்றே மரியாதையும் போதனையிலும் பார்க்கப் பழக்கத்தினாலேயே வருகின்றது. தன்னோடு எவ்வாறு பேசப்படுகின்றதோ அவ்வாறே பிள்ளையும் பேசக் கற்கின்றது. விடை தெரியாத மாணவனை 'மொக்கன்' என அழைப்பது, பணம் செலுத்தத் தவறிய பிள்ளையின் பெயரை வகுப்பின் முன்னிலையில் வாசிப்பது, தந்தையின் தொழிலைச் சுட்டி ஏளனம் செய்வது என்பன பல வகுப்பறைகளில் சாதாரண விடயங்களாகவே கருதப்படுகின்றன.

ஆனால் இவற்றின் விளைவுகள் சாதாரணமானவையல்ல. ஏளனத்துக்கு அஞ்சும் பிள்ளை சந்தேகம் கேட்பதை நிறுத்திக் கொள்கின்றது. கேள்வி கேட்காத பிள்ளை பின்தங்குகின்றது. பின்தங்கியமைக்காக மீண்டும் அவமதிக்கப்படுகின்றது. ஈற்றில் பாடசாலைக்குச் செல்லாதிருக்கக் காரணம் தேடுகின்றது. வேறு சிலரோ தமக்கு நேர்ந்த அவமானத்தைத் தம்மிலும் பலவீனமானவர் மீது இறக்கி வைக்கின்றனர்.

இதனைத் தடுப்பதற்கு விதிகள் இல்லாமலில்லை. இலங்கை 1991 இல் ஏற்றுக் கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 28 ஆவது உறுப்புரை, பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித கௌரவத்துக்கு இசைவாகப் பேணப்பட வேண்டும் என்கின்றது. உடல் ரீதியான தண்டனைக்கு எதிராகக் கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை வெளியிட்டது. ஆசிரியர் ஒருவர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில் 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடூரமான, இழிவான நடத்துகைக்கு எதிராக அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரை வழங்கும் பாதுகாப்பு மீறப்பட்டுள்ளதென நீதிமன்றம் கண்டது. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் நட்டஈடாகச் செலுத்த வேண்டுமெனவும் உத்தரவிட்டது.

பாடசாலையில் கற்ற அவமதிப்பு பாடசாலையோடு முடிந்து விடுவதில்லை. பல்கலைக்கழகங்களில் அது பகிடிவதையாக உருவெடுக்கின்றது. 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தின் புதுமுகத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அதற்கு அடுத்த வருடம் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. உடற்காயத்தை மட்டுமன்றி, மன வேதனையையும் அச்சத்தையும் விளைவிக்கும் செயல்களையும் அச்சட்டம் பகிடிவதையாகக் கொள்கின்றது. எனினும் பகிடிவதை ஒழிந்து விடவில்லை. 'எமக்கும் இவ்வாறுதான் செய்தார்கள்' என்பதே அதில் ஈடுபடுவோர் கூறும் நியாயம். அவமதிப்பு தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றப்படுவதை இந்த ஒரு வாக்கியமே உணர்த்தி விடுகின்றது.

சமூகத்திலும் நிலைமை வேறல்ல. அலுவலகங்களுக்கு வரும் ஏழை விவசாயியை ஒருமையில் அழைத்து அலைக்கழிப்பதும், மலையகத் தொழிலாளரை இழிசொல்லால் குறிப்பிடுவதும் இன்னமும் நிகழ்கின்றன. சாதியின் பெயரால் பொது இடங்களில் அனுமதி மறுப்பதை 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. ஆனால் உள்ளத்தில் குடிகொண்ட இழிவுணர்வைச் சட்டத்தால் மட்டும் அகற்ற முடியாது.

கண்டிக்காமல் ஒழுக்கத்தைப் பேண முடியுமா எனச் சிலர் கேட்கலாம். கண்டிப்பு வேறு, அவமதிப்பு வேறு. கண்டிப்பு பிள்ளை செய்த தவறைச் சுட்டுகின்றது. அவமதிப்போ பிள்ளையின் பிறப்பையும் இயலாமையையும் சுட்டுகின்றது. தவறிழைத்த மாணவனைத் தனியே அழைத்து, தவறை விளக்கி, அதனைத் திருத்தும் பொறுப்பையும் அவனிடமே ஒப்படைப்பது கண்டிப்புத்தான்.

அதேவேளை, ஆசிரியரின் கௌரவமும் காக்கப்பட வேண்டும். பிள்ளையின் முன்னிலையில் ஆசிரியரைத் தூற்றும் பெற்றோரும், மாணவர் முன்னிலையில் ஆசிரியரை ஏசும் அதிகாரியும் அதே தீய பாடத்தையே புகட்டுகின்றனர்.

மரியாதையைக் கேட்டுப் பெற முடியாது. கொடுத்துத்தான் பெற வேண்டும். அச்சத்தால் எழுந்து நிற்கும் வகுப்பு, ஆசிரியர் வெளியேறியதும் அவரை எள்ளி நகையாடும். கைமாறி வரும் இந்த அவமதிப்பை யாராவது ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும். அதற்குரிய வலிமை சிறியவர்களிடம் இல்லை. பெரியவர்களாகிய எம்மிடமே உள்ளது.