உங்களுக்குத் தெரியுமா? தேங்கிய பெட்ரோல் செய்யும் தீங்கு

பருவம் முடிந்ததும் மூலையில் ஒதுக்கப்படும் புல்வெட்டும் யந்திரம், விசைத்தெளிப்பான் முதலியவை மறுபருவத்தில் இயங்க மறுப்பதற்குப் பிரதான காரணம், பெரும்பாலும், தொட்டியில் தேங்கிக் கிடந்த பெட்ரோலே. பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் சுபாவமுடையது. ஆதலின், 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் நீரின் அளவு ஏறக்குறைய 0.5 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், எத்தனாலும் நீரும் ஒன்றுகூடிப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, எரிபொருள் உறிஞ்சப்படும் அடிப்பாகத்திலேயே தங்கிவிடுகின்றன. கார்புரேட்டரிலோ, எஞ்சிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாய் இறுகி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறுகிய ஜெட் துவாரத்தை அடைத்துவிடுகிறது. ஆகவே, சிலர் அநாவசியமென்று கருதினாலும், தொட்டியைக் காலிசெய்து, யந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டருக்குக் கிண்ணம் இருப்பின் யந்திரம் ஆறியபின் கிண்ணத்தில் மிஞ்சியதையும் வடித்துவிடுவது அத்தியாவசியம். வடிக்கும்போது அருகில் நெருப்பு இருத்தலாகாது.