சுட்ட நீலம்

காஞ்சீபுரத்தில் சேலை வாங்க வருபவர்களுக்கு நாம் புதிதாக எச்சரிக்கை செய்யவேண்டிய அவசியமில்லை. சரிகையைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே சிவப்புப் பட்டிழை தென்படுகிறதா என்று சோதிக்கும் வழக்கம் நம் தாய்மார்களிடம் நெடுநாளாக உண்டு. இழையைப் பிரித்துத் தீயிலே காட்டி, மயிர் கருகும் நாற்றம் வருகிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. அதுவும் போதாதென்று மத்திய பட்டு வாரியத்தார் 2004-ஆம் ஆண்டில் 'சில்க் மார்க்' முத்திரையை ஏற்படுத்தினார்கள். சரிகையில் வெள்ளி எவ்வளவு, பொன் எவ்வளவு என்பதைக் கதிர்க் கருவியில் வைத்துச் சில நிமிஷங்களில் சொல்லும் வசதியும் வந்துவிட்டது. இவ்வளவு விழிப்புள்ள ஊரிலே, அதே கலியாணத்திற்கு, அதே பணப்பையிலிருந்து நீலக்கல் மோதிரம் வாங்கும்போது மாத்திரம் வியாபாரியின் வாய்ச்சொல்லே போதுமென்று ஜனங்கள் இருந்துவிடுவது நமக்கு விளங்கவில்லை.

நமக்கு நன்கு தெரிந்த நெசவாளி ஒருவர் இருக்கிறார். போலிச் சரிகையை விரல் நுனியால் தடவியே கண்டுகொள்ளக் கூடியவர். மருமகப்பிள்ளைக்குச் சனி தசை நடக்கிறதென்று சோதிடர் சொன்னதன்பேரில், பல மாதக் கூலியைச் சேர்த்து, வெளியூர்க் கடையொன்றில் நீல மோதிரம் வாங்கினார். மோதிரம் விரலுக்கு இறுக்கமாக இருந்தது. தெருக்கோடியில் இருக்கும் பத்தரிடம் கொடுத்தார். பத்தர் நெருப்புக் காட்டி வளையத்தைப் பெரிதாக்கி, புளிப்பு நீரில் போட்டு எடுத்தபோது, கல்லின் நீலம் திட்டுத் திட்டாகக் கலைந்து, மேலெல்லாம் கீறல் விழுந்தாற்போல் ஆகிவிட்டது. கல்லை மாற்றிவிட்டாய் என்று பத்தர்மேல் பழி வந்தது. இரு குடும்பங்களுக்கும் இருந்த மூன்று தலைமுறைச் சிநேகம் அன்றோடு முறிந்தது.

பத்தர் கல்லை மாற்றவில்லை. அந்தக் கல் வெடிப்புகள் நிறைந்த மட்டமான குருந்தக் கல். வெடிப்புகளிலே கோபால்ட் சேர்த்த ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றி நீலமாக்கியிருந்தார்கள். அத்தகைய கல் நெருப்பையும் தாங்காது, அமிலத்தையும் தாங்காது. எலுமிச்சம்பழச் சாறுகூட நாளடைவில் அதை அரித்துவிடும். விற்றவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நெசவாளி வாங்கியிருக்கமாட்டார்; பத்தரும் கல்லைக் கழற்றாமல் நெருப்பைக் காட்டியிருக்கமாட்டார்.

நீலக்கற்களுக்குச் செய்யப்படும் சிகிச்சைகள் யாவும் ஒரே தரத்தவை அல்ல என்பதை வாசகர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நீலம் என்பது அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்த குருந்தம். அதில் நுண்ணிய அளவில் கலந்துள்ள இரும்பும் டைட்டானியமுமே அதற்கு நீல நிறத்தைத் தருகின்றன. இலங்கையில் இரத்தினபுரிச் சுற்றுப்புறத்தில் 'கெவுடா' என்று சொல்லப்படும் பால்நிறக் கற்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் இவற்றுக்கு மதிப்பே இருந்ததில்லை. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் இவற்றை அற்ப விலைக்கு வாங்கிச் சென்று, 1,500 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் சுட்டு, ஆழ்ந்த நீலமாக்கி விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்தார்கள். தங்கள் மண்ணின் செல்வம் கை நழுவிய விதம் இலங்கையர்களுக்குப் பின்னரே தெரிந்தது. பிறகு அவர்களும் அவ்வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். இன்று உலகச் சந்தையில் உள்ள நீலக் கற்களில் பெரும்பாலானவை சுட்டவையே. சுட்ட நிறம் நிலையானது, அழியாது. ஆகவே சுட்ட நீலத்தைப் பொய் நீலம் என்று தள்ளுவது நியாயமாகாது. ஆயினும் பூமியிலிருந்து எடுத்தபடியே நல்ல நிறத்துடன் இருக்கும் சுடாத கல் மிக அரிதாகையால், அதன் விலை பன்மடங்கு அதிகம். சுட்டதைச் சுடாத கல்லின் விலைக்கு விற்பதுதான் மோசடி.

இதற்கு அடுத்தபடி, கல்லுக்குள் வெளியிலிருந்து பொருளைச் செலுத்தி நிறம் ஏற்றும் முறை இருக்கிறது. டைட்டானியத்தைச் செலுத்தினால் மேல்தோல் அளவுக்கே நீலம் ஏறும். மறுபடி பட்டை தீட்டினால் நிறம் போய்விடும். 2001-02-ஆம் ஆண்டுகளில் தாய்லாந்திலிருந்து வந்த ஆரஞ்சு நிறக் கற்கள் இரத்தின உலகத்தையே கலக்கிவிட்டன. பெரிலியம் என்ற மிக லேசான மூலகம் அவற்றினுள் ஆழ ஊடுருவியிருந்தது. பெரிய பரிசோதனைச் சாலைகளே முதலில் ஏமாந்தன என்றால், மோதிரக் கடையில் பூதக்கண்ணாடி பிடித்துப் பார்க்கும் நாம் எம்மாத்திரம்! கண்ணாடி ஊற்றிய கல்லோ இவையெல்லாவற்றிலும் கடைத்தரம். உலையிலே வளர்க்கப்படும் செயற்கைக் கல் வேறு விஷயம். அவ்வகைக் கற்களைச் செயற்கை என்று சொல்லியே பட்டை தீட்டி விற்ற திருச்சிராப்பள்ளித் தொழிலாளரை யாரும் குறை கூற முடியாது.

உண்மையை அறிவது எப்படி? காஞ்சீபுரத்தாருக்கு இதை விளக்குவது எளிது. இயற்கை நீலத்தினுள் ரூட்டைல் என்ற கனிமம் மெல்லிய ஊசிகளாக, ஒன்றையொன்று குறுக்கிட்டு, நெய்த துணிபோலப் படர்ந்திருப்பதுண்டு. கல் பரிசோதகர்கள் இந்த இழைகளுக்குப் 'பட்டு' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். மிகுந்த உஷ்ணத்தில் சுட்டால் இந்தப் பட்டு கரைந்து, அறுந்து, புள்ளி புள்ளியாகிவிடும். நுண்ணோக்கியில் பட்டு அறுபடாமல் நீளமாக இருந்தால், அக் கல் பெருநெருப்பைக் காணவில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி. மேல்தோல் நிறத்தைக் கண்டுபிடிக்க, கல்லைக் கனமான திரவமொன்றில் அமிழ்த்திப் பார்ப்பார்கள். பட்டைகளின் ஓரங்களில் நிறம் கோடு கட்டி நிற்கும். அகச்சிவப்புக் கதிர்ச் சோதனையும் சுட்டதற்கு அடையாளங்கள் காட்டும். பெரிலியத்தைப் பிடிப்பதற்கோ, லேசர் ஒளியால் துளியளவு ஆவியாக்கி மூலகங்களை அளக்கும் விலையுயர்ந்த இயந்திரங்கள் வேண்டும். அவை எல்லாச் சாலைகளிலும் இல்லை. ஆதலால் எந்தச் சாலை எந்தச் சோதனையைச் செய்யும் என்று கேட்ட பிறகே கல்லை ஒப்படைக்க வேண்டும்.

ஜயப்பூரில் 1972-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டு ஏற்றுமதி வர்த்தகர் சபையார் இரத்தினப் பரிசோதனைச் சாலை நிறுவினார்கள். பம்பாயிலும் அத்தகைய ஸ்தாபனங்கள் உள்ளன. இலங்கையில் சர்க்காரின் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையே பரிசோதனை செய்து தருகிறது. பரிசோதனைக் கட்டணம் நல்ல நீலத்தின் விலையில் மிகச் சிறு பங்குதான்.

பத்திரம் கையில் இருக்கிறதென்றே திருப்தியடைந்துவிடக் கூடாது. பத்திரம் உண்மையாக இருக்கும். கல் வேறாக இருக்கும்! அதில் கண்ட எடையையும், நீள அகலங்களையும் கல்லோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். நல்ல தராசில் நூறில் ஒரு பங்குக் காரட் வித்தியாசமும் தெரிந்துவிடும். பத்திரத்தின் எண்ணைச் சாலையின் இணையப் பதிவில் சரிபார்ப்பதும் அவசியம். மோதிரத்தில் பதித்த கல்லைவிடத் தனிக் கல்லைச் சோதிப்பது மேல். 'சுட்டதற்கான அறிகுறி காணப்படவில்லை' என்று எழுதியிருந்தால், அது நிபுணரின் அபிப்பிராயமே. குறைந்த உஷ்ணத்தில் இலேசாகச் சுட்டதைக் கண்டுபிடிப்பது நிபுணர்களுக்கும் கடினம். 'காஷ்மீர நீலம்' என்ற பெயரைக் கேட்டு மயங்குவோருக்கும் ஒரு வார்த்தை. 1880-களில் பாடர் பள்ளத்தாக்கில் எடுக்கப்பட்ட அச் சுரங்கம் சில ஆண்டுகளிலேயே பெரும்பாலும் வற்றிவிட்டது. அது கடைத்தெருவில் தட்டு நிறையக் கிடைக்கும் சரக்கன்று.

இன்னொரு மயக்கமும் உண்டு. மோதிரத்தில் ஹால்மார்க் முத்திரை இருக்கிறதே என்பார்கள். 2021-ஆம் ஆண்டு ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு வரும் அம் முத்திரை தங்கத்தின் மாற்றுக்கு மாத்திரமே உத்தரவாதம். கல்லைப்பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. கல்லுக்குச் செய்த சிகிச்சையையும் விற்பனைச் சீட்டில் எழுதியே தீரவேண்டும் என்று சர்க்கார் விதி செய்வதில் என்ன கஷ்டம் என்று நாம் கேட்கிறோம். நாணயமான வியாபாரிக்கு இதனால் நஷ்டமில்லை. சுட்ட கல் என்று சொல்லிச் சுட்ட கல்லின் விலைக்கு விற்பவன் ஏன் அஞ்சவேண்டும்? அந்த விதி வரும்வரையில் வாங்குபவர்களே கேட்டு எழுதி வாங்கலாம். 'இயற்கைக் கல், சுடாதது, பரிசோதனையில் மாறினால் பணம் வாபஸ்' என்று சீட்டில் ஒரு வரி. எழுத மறுக்கும் கடையில் காபி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். எழுதிக் கொடுத்துவிட்டு மாறுபவரை 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தின் முன் நிறுத்தலாம். அங்கே அந்த ஒரு வரிதான் பேசும்.

சோதிடத்தின் மெய் பொய்யைப்பற்றி வாதிட நாம் முன்வரவில்லை. பரிகாரத்திற்கென்று வாங்கினாலும் ஈயக் கண்ணாடியை வாங்கும்படி எந்தச் சோதிடரும் சொல்லியிருக்கமாட்டார்.

நம் நெசவாளியிடம் விற்பனைச் சீட்டில் 'நீலக்கல் 1' என்பதற்குமேல் எதுவும் இல்லை. பரிசோதனைச் சாலையின் பதில் வந்த அன்று மாலை, அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் பத்தர் வீட்டுக்குப் போனார். பத்தர் அதை வாங்கிப் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல், உட்காரச் சொல்லித் திண்ணையில் பாயை விரித்தார்.