புதிய கட்டடம் மட்டும் போதுமா?

வைத்தியசாலை இடம்மாறும்போது ஊழியரை ஆயத்தப்படுத்துதல்

ஓர் ஊரில் புதிய வைத்தியசாலைக் கட்டடம் எழும்புகிறது என்றால் நாம் எல்லோரும் மகிழ்கிறோம். மாடிகளை எண்ணுகிறோம், கட்டில்களை எண்ணுகிறோம், திறப்பு விழாவுக்கு யார் வருகிறார்கள் என்று பேசிக்கொள்கிறோம். ஆனால் அக்கட்டடத்துக்குள் வேலை செய்யப்போகும் தாதியரும் சிற்றூழியரும் மருந்தாளரும் அந்த இடத்துக்கு ஆயத்தமாகிவிட்டார்களா என்று கேட்பவர் மிகச் சிலரே. இக்கேள்வி நிர்வாகத்துக்கு மட்டும் உரியதன்று. அரைக் கூலியை இழந்து, இரண்டு பஸ் மாறி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வரும் நமக்கும் உரியது. ஆயத்தமில்லாத இடமாற்றத்தின் விலையை முதலில் கொடுப்பவர் நோயாளியே.

இடம்பெயர்தல் என்றால் என்ன என்பதை உங்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போனால் சில நாட்களுக்கு உப்புப் போத்தலும் தீப்பெட்டியும் கைக்கு அகப்படாது. இருட்டில் எழுந்தால் வாசல் எந்தப் பக்கம் என்று தடுமாறுவோம். வைத்தியசாலை ஒன்றில் அத்தகைய தடுமாற்றம் அரை நிமிடம் நீடித்தாலும் அது ஓர் உயிரின் பிரச்சினையாகிவிடலாம்.

இருவகை இடமாற்றம்

வைத்தியசாலைகள் இரண்டு விதமாக இடம்மாறுகின்றன. ஒன்று, துரத்தப்பட்டு மாறுவது. மற்றது, திட்டமிட்டு மாறுவது.

முதலாவதை நமது மக்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் மக்கள் பெருந்தொகையாக வெளியேறியபோது, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் ஊழியர் பலர் வடமராட்சிக்குச் சென்று மந்திகை வைத்தியசாலையில் பணியைத் தொடர்ந்தனர். 2009 பெப்ரவரி தொடக்கத்தில், ஷெல் வீச்சுக்கு உள்ளான புதுக்குடியிருப்பு வைத்தியசாலையிலிருந்து நோயாளரும் ஊழியரும் புதுமாத்தளனுக்குப் போக நேர்ந்தது. போதிய குடிநீரும் இல்லாத அந்தக் கரையோர இடத்தில் சிகிச்சை நடந்தது. அங்கிருந்து 2009 பெப்ரவரி 10 ஆம் திகதி முதல் சர்வதேச செஞ்சிலுவைக் குழு கடல் வழியாக நோயாளரை ஏற்றிச் சென்றது. அந்த இடங்களில் புதிய கட்டடமும் இல்லை, திட்டமும் இல்லை. இருந்தவை, வேலை தெரிந்த மனிதரும், யார் எதைச் செய்வது என்று அவர்களுக்குள் இருந்த ஒழுங்குமே. வைத்தியசாலை என்பது முதலில் மனிதரும் அவர்களுடைய ஒழுங்கும்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது வகையில் காலம் நமது கையில் இருக்கிறது. அந்தக் காலத்தை வீணாக்குவது பெரும் தவறு. மிளகாய்க் கன்றை நாற்றுமேடையிலிருந்து தோட்டத்துக்கு மாற்றுபவர் என்ன செய்கிறார்? முதலில் நிலத்தைப் பண்படுத்துகிறார். பாத்தி கட்டித் தண்ணீர் விடுகிறார். வெயில் தாழ்ந்த பின்பே கன்றைப் பிடுங்குகிறார். வேரை வெளியில் அதிக நேரம் காயவிடுவதில்லை. நட்ட பின்பும் சில நாட்கள் கவனித்துப் பார்க்கிறார். வைத்தியசாலையை மாற்றுவதிலும் இதே நான்கு படிகள் உண்டு: முன் ஆயத்தம், ஒத்திகை, மாறும் நாள், பின் கவனிப்பு.

மொன்றியலில் நடந்தது

கனடாவின் மொன்றியல் நகரில், நமது மக்கள் பலரும் குடியேறியுள்ள இடத்தில், 2015 ஆம் ஆண்டு ஒரு பெரிய இடமாற்றம் நடந்தது. அங்குள்ள றோயல் விக்டோரியா வைத்தியசாலை 1893 இல் தொடங்கியது. சிறுவர் வைத்தியசாலை 1904 இல் தொடங்கியது. இவற்றையும் நெஞ்சு நோய் வைத்தியசாலையையும், பழைய புகையிரத முற்றம் ஒன்றில் கட்டப்பட்ட புதிய வளாகத்துக்கு மாற்றத் தீர்மானித்தார்கள். புதிய வளாகத்தில் 500 தனி அறைகள். ஓர் அறைக்கு ஒரு நோயாளி.

மூன்றையும் ஒரே நாளில் அவர்கள் மாற்றவில்லை. 2015 ஏப்ரல் 26 இல் றோயல் விக்டோரியா, மே 24 இல் சிறுவர் வைத்தியசாலை, யூன் 14 இல் நெஞ்சு நோய் வைத்தியசாலை என்று படிப்படியாக மாற்றினார்கள். மூன்றும் ஞாயிற்றுக்கிழமைகள், வீதி நெரிசலும் வழமையான கிளினிக்கும் குறைந்த நாட்கள். முதல் நாளில் மட்டும் 154 நோயாளர் அம்புலன்ஸில் சில நிமிடங்களுக்கு ஒருவராகக் கொண்டு செல்லப்பட்டனர். பழைய இடத்து அவசர சிகிச்சைப் பிரிவு மூடப்பட்ட அதே அதிகாலையில் புதிய இடத்தில் அது திறக்கப்பட்டது. இந்த ஒரு நாளின் பின்னால் நீண்ட கால ஆயத்தம் இருந்தது.

ஊழியருக்கு என்ன மாறுகிறது?

"அதே தாதி, அதே மருந்து, வேறு கட்டடம். இதில் என்ன பயிற்சி?" என்று சிலர் கேட்பர். உண்மையில் மாறுவது அதிகம்.

பழைய நீண்ட விடுதியில் ஒரு தாதி வாசலில் நின்றே இருபது நோயாளரைப் பார்க்க முடியும். ஒருவர் மூச்சுத் திணறினால் அடுத்த கட்டிலில் இருப்பவர் கூப்பிடுவார். தனி அறைகளில் தொற்று குறையும். நோயாளிக்கு மறைவும் நித்திரையும் கிடைக்கும். ஆனால் ஒரு பார்வையில் எல்லோரையும் காண முடியாது. கிழவர் ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்தால் உடனே தெரியவராது. எனவே அழைப்பு மணியை நம்பும் முறையும், மணிக்கு மணி சுற்றிவரும் முறையும், தாதியரைப் பகுதி பகுதியாக நிறுத்தும் முறையும் புதிதாக வகுக்கப்பட வேண்டும்.

பழைய இடத்தில் கைக்கும் காலுக்கும் எல்லாம் பழக்கம். ஒட்சிசன் எங்கே, இரத்தம் எடுத்துவர எந்த வழி, இரவில் மருந்தறைத் திறப்பு யாரிடம் என்று எவரும் யோசிப்பதில்லை. புதிய இடத்தில் ஒவ்வொன்றுக்கும் யோசிக்க வேண்டும். யோசிக்க நேரமில்லாத வேளைகளே வைத்தியசாலையில் அதிகம்.

முதற்படி: வேலையை எழுதிப் பார்த்தல்

குடிபுகுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஒவ்வொரு பிரிவும் தனது வேலையைப் படிப்படியாக எழுதிப் பார்க்க வேண்டும். பிரசவ வலியோடு ஒரு தாய் வாசலுக்கு வந்தால் யார் பதிவு செய்வர், யார் கட்டிலைத் தள்ளுவர், எந்த மின்தூக்கி, எத்தனையாவது மாடி, சத்திர சிகிச்சை தேவைப்பட்டால் எந்த வழி என்று எழுதவேண்டும். இதை எழுதுபவர் அந்த வேலையைச் செய்பவராக இருத்தல் அவசியம். பணிப்பாளரின் அறையில் எழுதப்படும் திட்டத்துக்குத் தள்ளுவண்டியின் சக்கரம் எங்கே சிக்கும் என்பது தெரியாது, சிற்றூழியருக்குத் தெரியும்.

அடுத்தது பயிற்சி. எல்லோருக்கும் பொதுவான பயிற்சி ஒன்று: வாசல்கள், தீ விபத்து வழிகள், தொலைபேசி இலக்கங்கள், திறப்புகள். பிரிவுக்குரிய பயிற்சி இன்னொன்று: புதிய கருவிகள், புதிய மருந்தலமாரி, புதிய பதிவு முறை. பகல் வேலையில் உள்ளோரையும் வைத்தியர்களையும் பயிற்றிவிட்டு, இரவு வேலைக்காரரையும் துப்புரவுப் பணியாளரையும் காவலாளியையும் மறந்துவிடுவது பல இடங்களில் நேரும் குறை. நள்ளிரவில் வாசலுக்கு வரும் நோயாளி முதலில் சந்திப்பது அந்தக் காவலாளியைத்தான்.

இரண்டாம் படி: ஒத்திகை

ஆயத்தத்தின் இதயம் ஒத்திகைதான். நோயாளர் வருவதற்கு முன்பே வெறும் கட்டடத்தில் உண்மை போலவே வேலையைச் செய்து பார்ப்பார்கள். ஒருவர் நோயாளியாக நடிப்பார். அல்லது ஒரு பொம்மை கட்டிலில் கிடத்தப்படும். "இவருக்கு இதயம் நின்றுவிட்டது" என்று அறிவித்ததும், உதவிக்குழு எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று நேரம் குறிப்பார்கள்.

இவ்வாறு செய்து பார்க்கும்போது வரைபடத்தில் தெரியாத குறைகள் வெளிப்படும். கட்டில் மின்தூக்கிக்குள் போகும், ஆனால் கட்டிலோடு ஒட்சிசன் சிலிண்டரும் இரண்டு பேரும் போக இடமிராது. சுவரிலுள்ள ஒட்சிசன் வாய்க்குப் பழைய குழாய் பொருந்தாது. ஒரு மூலையில் தொலைபேசி எடுக்காது. கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்கும் அட்டை வேறொருவரிடம் இருக்கும். இவை சிறிய விடயங்கள் போலத் தோன்றும். ஆனால் ஒத்திகையில் கண்டால் ஒரு தச்சனோ மின்திருத்துநரோ ஒரு நாளில் திருத்திவிடுவார். நோயாளி வந்த பின் கண்டால் அதற்கு உயிர் விலையாகலாம்.

மூன்றாம் படி: மாறும் நாள்

மாறும் நாளுக்குச் சில வாரங்களுக்கு முன்பே அவசரமற்ற சத்திர சிகிச்சைகளைக் குறைப்பார்கள். வீட்டுக்குப் போகக்கூடியவர்களை அனுப்புவார்கள். கொண்டு செல்லவேண்டிய நோயாளரின் தொகை குறைந்தால் ஆபத்தும் குறையும்.

அன்றைய தினம் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு இலக்கம், ஒரு வரிசை, ஒரு புதிய கட்டில் எழுதப்பட்டிருக்கும். புதிய இடத்திலிருந்து "கட்டில் ஆயத்தம்" என்ற சொல் வரும்வரை நோயாளி பழைய விடுதியை விட்டு அசையக்கூடாது. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரோடு வைத்தியரும் தாதியும் கூடவே செல்வர். சிகிச்சைக் குறிப்புகளும் மருந்துகளும் நோயாளியோடே போகவேண்டும். பின்னால் லொறியில் வருவதற்கல்ல. ஏற்றி அனுப்பும் தாதியும் இறக்கி ஏற்கும் தாதியும் வாயாலும் எழுத்தாலும் பொறுப்பை ஒப்படைப்பர். அன்று இரண்டு இடங்களிலும் ஊழியர் வேண்டும். ஆகையால் லீவுகள் முன்கூட்டியே ஒழுங்குபடுத்தப்படும். எல்லாச் செய்தியும் வந்துசேர ஓர் அறை, முடிவு சொல்ல ஒருவர் இருப்பர்.

பழைய வாசலை அன்றோடு மறந்துவிடவும் கூடாது. செய்தி அறியாத நோயாளி பழக்கத்தில் அங்கேதான் வருவார். அவரை ஏற்றிச் செல்ல ஓர் அம்புலன்ஸும் வழிசொல்ல ஒரு மனிதரும் சில நாட்களுக்கு அங்கே நிற்க வேண்டும்.

நான்காம் படி: பின் கவனிப்பு

முதல் வாரங்களில் ஊழியர் களைத்துப் போவர். நடக்கும் தூரம் கூடும்; பொருட்களைத் தேடும் நேரம் கூடும். நாள்தோறும் சில நிமிடம் கூடி, என்ன பிழைத்தது என்று கேட்டு, குறைப் புத்தகத்தில் எழுதி, யார் எப்போது திருத்துவார் என்று குறிக்க வேண்டும். குறை சொன்னவரைக் குற்றவாளியாக்கினால் அடுத்த குறை மறைக்கப்படும்.

ஊழியரின் மனத்தையும் நாம் எண்ண வேண்டும். இருபது வருடம் ஒன்றாக வேலை செய்த குழு பிரிக்கப்படலாம். புதிய இடத்துக்கு விடிகாலை பஸ் இல்லாமலிருக்கலாம். பிள்ளையைப் பள்ளியில் விட்டு வர முடியாத தாய் ஒருத்தி தாதியாக இருக்கலாம். "ஏன் மாறுகிறோம், எனக்கு எங்கே வேலை, எப்போது" என்ற மூன்று கேள்விகளுக்கும் முன்கூட்டியே நேர்மையான பதில் கிடைத்தால் வதந்தி குறையும். இந்த வேதனை என்னவென்று இடம்பெயர்ந்த நமக்குத் தெரியும்.

இரண்டு வளாகங்கள் ஆகும்போது

சில வைத்தியசாலைகள் முழுவதும் மாறுவதில்லை. பாதி இங்கே, பாதி அங்கே என்று விரிகின்றன. நமது நோயாளர் பலரும் கடல் கடந்து நாடிச்செல்லும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலை, 1900 ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரு கட்டிலோடு தொடங்கியது. 2022 இல் அதன் இராணிப்பேட்டை வளாகம், சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை அண்டி இயங்கத் தொடங்கியது. விபத்துச் சிகிச்சை அங்கே சென்றது. நெடுஞ்சாலை விபத்தில் காயப்பட்டவருக்கு இது நன்மை. ஆனால் இத்தகைய விரிவில் புதிய கேள்விகள் பிறக்கின்றன. அந்த வளாகத்தில் படுத்திருப்பவருக்கு இந்த வளாகத்து நிபுணர் தேவைப்பட்டால் யார் பயணம் செய்வது? இரத்தம் எங்கே சேமிக்கப்படும்? இவற்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

நமது வடக்கிலும் 2024 இல் கிளிநொச்சி, வவுனியா வைத்தியசாலைகளில் நெதர்லாந்து உதவியுடன் புதிய கட்டடங்கள் திறக்கப்பட்டன. இனியும் விரிவுகள் வரும். அப்போது நாம் வெறும் பார்வையாளராக இருக்கத் தேவையில்லை.

1. உங்கள் கிளினிக் கொப்பியையும் பரிசோதனைத் தாள்களையும் ஒரு பொலித்தீன் பையில் ஒன்றாக வைத்திருங்கள். இடமாற்றத்தில் கோவைகள் பிந்தலாம். உங்கள் கையிலுள்ள கொப்பி பிந்தாது.

2. நீரிழிவு, இரத்த அழுத்தம், வலிப்பு போன்றவற்றுக்கு மருந்து எடுப்போர், மாறும் வாரத்துக்கு மேலதிக மருந்து தரமுடியுமா என்று கிளினிக்கில் முன்பே கேளுங்கள்.

3. எந்தப் பிரிவு எந்தத் திகதியில் மாறுகிறது, அவசர வாசல் எங்கே, எது பழைய இடத்திலேயே இருக்கும் என்ற மூன்றையும் கேட்டு அறிந்து அயலவருக்கும் சொல்லுங்கள்.

4. புதிய இடத்துக்குப் பஸ் வழி உண்டா என்பதை நோயாளர் நலன்புரிச் சங்கத்தின் மூலமும் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலமும் எழுத்தில் கேளுங்கள். திறப்பு விழாவுக்குப் பின்பல்ல, முன்பே கேளுங்கள்.

5. ஒத்திகைக்கு ஆட்களைத் தரலாம் என்று நிர்வாகத்திடம் சொல்லுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு பாட்டி அறிவிப்புப் பலகைகளை நம்பி வாசலிலிருந்து கண் கிளினிக்குக்குப் போய்ச் சேர்கிறாரா என்று பார்த்தால், எந்தப் பொறியியலாளரும் காணாத குறையை அவர் காட்டித் தருவார்.

6. முதல் வாரங்களில் ஊழியரோடு பொறுமையாக இருங்கள். குறையைக் கண்டால் ஏசாமல், இடமும் நேரமும் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள்.

கட்டடத்துக்குப் பணம் தர வெளிநாடுகள் முன்வரலாம். கல்வெட்டில் பெயர் பொறிக்கவும் பலர் முன்வரலாம். அதற்குள் வேலை செய்பவரைப் பயிற்றுவதற்கும் ஒத்திகை பார்ப்பதற்கும் வேண்டிய நாட்களையும் பணத்தையும் அதே திட்டத்தில் எழுதுமாறு கேட்பது நமது உரிமை. அடுத்த முறை உங்கள் பகுதியில் ஒரு வைத்தியசாலைக்கு அத்திவாரக்கல் நாட்டப்படும்போது, "எப்போது திறப்பீர்கள்?" என்று கேட்பதோடு, "ஊழியரை எப்போது பயிற்றத் தொடங்குவீர்கள்?" என்றும் கேளுங்கள்.