நள்ளிரவில் பாட்டனார் விரைவது ஏன்?

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பனியிரவொன்றில், கம்பளியை விலக்கிக் கைத்தடியைத் தேடவும் பொழுதின்றிப் புறக்கடைக்கு விரையும் பாட்டனாரைக் கண்டு, ‘வயதானால் மூத்திரப்பை தளர்ந்துவிடும்’ என்று நாம் சமாதானம் கொள்வது சகஜமே; ஆயினும் காரணம் சிரசிலும் இருத்தல் கூடும்.

சுமார் 200 மில்லிலிட்டர் சேர்ந்ததும் மூத்திரப்பை முதுகுத்தண்டின் வழியே சமாசாரம் அனுப்ப, மூளைத்தண்டிலுள்ள கேந்திரம் பையைச் சுருக்க ஆயத்தமாகுங்கால், ‘சற்றுப் பொறு’ என்று அதனை அடக்கிவைப்பது நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையே. 1964இல் ஆண்ட்ரூ, நாதன் என்னும் இருவர் இதனை விளக்கினர். இரத்தக் கொதிப்பாலும் நீரிழிவாலும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெட்டு, மூளையின் வெண்பொருளில் நரம்பிழைகள் சிதையுமாயின், அந்த ஆக்ஞை வலுவிழக்கிறது, அவசரம் முந்திக்கொள்கிறது.

இந்த அவசரத்தோடு நடை தளர்ந்து ஞாபகமும் மங்குமாயின், வெட்கத்தை விடுத்துக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வைத்தியரைக் காண்பதே விவேகம். அதுவரை, புறக்கடை வழியில் ஒரு விளக்கேனும் எரியட்டும்.