சுரங்க நிலத்துப் பசுமை

சாந்தோம் நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வார், அடையாற்றின் கழிமுகத்தை அடுத்துத் தொல்காப்பியர் பெயர் தாங்கிய பூங்கா ஒன்றைக் காண்பர். 58 ஏக்கர் பரப்புள்ள அவ்விடம் முன்னாளிற் கட்டடக் கழிவு கொட்டப்பட்டுச் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. கழிவை அகற்றி, நீர்நிலையைத் திருத்தி, இந்நாட்டு மரஞ்செடிகளை நட்டு, 2011ஆம் ஆண்டில் அதனைத் திறந்துவைத்தனர். இதில் நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. திருத்துவதற்கு முன்னும் அவ்விடம் பச்சையாகவே இருந்தது. ஒரு பச்சையைக் களைந்தே மற்றொரு பச்சையை வைத்தனர். ஆதலின், கெட்ட நிலம் நலமுற்றதா என்பதற்குக் கண்ணிற்படும் பசுமை மட்டும் சான்றாகாது. இவ்வுண்மை மிகுதியும் வேண்டப்படுமிடம் நிலக்கரி தோண்டிய நிலமாம். நம் தமிழகத்தில் அதற்கு எடுத்துக்காட்டு நெய்வேலி.

நெய்வேலி கடலூர் மாவட்டத்தில், சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆங்குக் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. அதனை எடுத்தற்கு 1956இற் கழகம் அமைந்தது. 1957 மே மாதத்தில் நேரு அவர்கள் வேலையைத் தொடங்கிவைத்தார்கள். 1961இற் கரி வெளிப்பட்டது. பூமியைக் குடைந்து செல்லும் சுரங்கமன்று அது. வாய் திறந்த பெருங்குழி. ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணை நீக்கிய பின்னரே கரிப்படலம் தோன்றும். ஒரு டன் கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண்ணைப் பெயர்த்தல் வேண்டும் என்பர். சக்கரத்தில் வாளிகளைக் கோத்த மாபெரும் பொறிகள் அகழ, ஓடும் பட்டைகள் அம்மண்ணைச் சுமந்து சென்று, கரி எடுத்து முடிந்த பள்ளத்திற் சொரிகின்றன.

இங்கேதான் இடர் பிறக்கின்றது. மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்து இறுதியில் மேலே பரப்பாவிடின், நிலம் தலைகீழாகிவிடும். பல்லாயிரம் ஆண்டு வெயிலறியாது கிடந்த மணற்கல்லும் களியும் மேலே வரும்; இலை மட்கிய கருமண் அடியிற் புதையும். மேலே வந்த மண்ணில் மட்குச் சத்து மிகக் குறைவு, தழைச்சத்தும் அவ்வாறே. மண்புழு இல்லை, வேரோடு கூடி வாழும் நுண்ணுயிர்களும் அரியன. பாலைக்கெனத் தனிநிலம் இல்லையென்றும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலையாமென்றும் நாம் வகுப்பிற் பயில்கின்றோம். முதுவேனில் செய்ததைப் பொறி செய்கின்றது என்னலாம். ஆயின், வேனில் விளைத்த பாலை ஒரு மழையில் மீளும். புரட்டிய மண்ணின் பாலைக்கு மழை மட்டும் போதாது.

இத்தகைய வெறுநிலத்தில் அழையாமலே முதலில் வந்து குடியேறுவன களைகள். சீமைக்கருவேல், பார்த்தீனியம், உண்ணிச்செடி ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டங்களினின்று வந்தவை. இவற்றுட் சீமைக்கருவேலை 1870களில் விறகின் பொருட்டு நாமே வருவித்தோம். நடுநின்று கூறின், களையும் சிறிது நன்மை செய்வதே. சரிவில் மண் கரையாது பிடித்து நிற்கும். சீமைக்கருவேல் அவரைக் குடும்பத்ததாகலின் தழைச்சத்தையும் சேர்க்கும். எனினும் அதன் கீழ்ப் புல் முளைப்பது அரிது. ஆழ வேரோடி நீரை உண்பது. ஒருமுறை காடாயின் அந்நிலம் ஏருக்கு எளிதில் வாராது. நட்டு வளர்க்கும் மரத்திலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். சூபாபுல் விரைந்து வளர்ந்து மண்ணுக்கு உரமூட்டுவது. விதை சிந்திப் பரவித் தானே களையாவதும் அதுவே.

களையெடுப்பதிற் காலமே தலையாயது. பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்குதல் வேண்டும். அதன் துகள் தோலுக்கும் மூச்சிற்கும் தீங்கு செய்யும். சீமைக்கருவேலை நிலமட்டத்தில் வெட்டுவது வீண்வேலை. அடித்தூர் மீண்டும் பல கிளையாய்த் துளிர்க்கும். வேரும் தண்டும் கூடுமிடத்திற்குக் கீழே தோண்டி எடுத்தல் வேண்டும், அதுவும் காய் முற்றுமுன். முற்றிய காயைத் தின்ற ஆடுமாடுகள் சாணத்தோடு விதையை நிலமெங்கும் விதைத்துவிடும். எடுத்த இடத்தை வெறுமையாக விடாது, நிழல் தரும் மரமும் புல்லும் உடனே வைத்தல் வேண்டும்.

இனி, நிலம் மீண்டதா என அளக்குமாறு யாது? எத்தனை கன்று நட்டனர் என்னும் கணக்கைப் பலகைகளிற் பெரிதாக எழுதுகின்றனர். அஃது உழைப்பின் கணக்கேயன்றி விளைவின் கணக்கன்று. மூன்று மழைக்காலம் கழித்து எத்தனை உயிரோடுள்ளன என்பதே வினா. செயற்கைக்கோட் படமும் பச்சையைக் காட்டுமேயொழிய, அப்பச்சை புங்கோ சீமைக்கருவேலோ என்பதை எளிதில் உணர்த்தாது. நிலத்தில் இறங்கி, ஒரு மீட்டர்ச் சதுரச் சட்டத்தை ஆங்காங்கு இட்டு, உள்ளிருப்பவற்றை இனம் பிரித்து எண்ணுதலே நம்பத்தக்க வழி. நட்ட மரத்தின் விதை தானே விழுந்து முளைத்துள்ளதா, யாரும் நடாத உள்ளூர்ப் புல்லும் செடியும் வந்துள்ளனவா என்பன நுட்பமான அடையாளங்கள். இவற்றையெல்லாம் தோண்டப்படாத அண்டை நிலத்தோடு ஒப்பிடல் வேண்டும்.

வடலூரையடுத்து முந்திரித் தோப்பு வைத்திருக்கும் என் தாய்மாமனிடம் இவற்றைக் கூறினேன். அவர் நகைத்து, தோப்பின் ஓரத்திற் புற்கொத்து ஒன்றைப் பிடுங்கிக் காட்டி, "மருமகனே, வேரைப் பார், மண் உருண்டை உருண்டையாய் ஒட்டிக்கொண்டு வருகிறது. செத்த மண்ணாயின் உதிர்ந்துவிடும்" என்றார். மண்ணூல் வல்லாரும் மண் துகள்கள் வேராலும் மட்காலும் கூடி உருண்டையாதலை உயிர்ப்பின் குறியாகவே கொள்வர். எனக்கோ அன்று புத்தகம் சிறிது நாணத்தைத் தந்தது.

இவ்வளவை ஏன் வேண்டும் எனின், 2023 ஜூலையில் நிகழ்ந்ததை நினைவிற் கொள்க. சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், சுரங்க விரிவிற்காகப் பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய் வெட்ட, வளர்ந்து நின்ற நெற்பயிர்மீது பொறிகள் இறங்கின. உயர்நீதிமன்றமும் அதற்கு வருந்தியது. நெல் விளைந்த நிலத்தை மரக்காடாக மீட்பது ஒன்று. மீண்டும் நெல் விளையச் செய்வது வேறு. மரத்திற்கு வேர் இறங்கும் இளக்கம் போதும். நெல்லுக்கோ நீரைத் தேக்கும் இறுகிய அடிப்படலம் வேண்டும். அது தலைமுறை தலைமுறையாகச் சேறுழுது உண்டானது. ஆகலின், அளப்போன் முதலிற் கேட்கவேண்டியது, "இஃது முன்னர் என்ன நிலமாயிருந்தது?" என்பதே.

அமெரிக்க நாட்டில் 1977ஆம் ஆண்டுச் சட்டம், சுரங்கத்தார் ஈடு கட்டிவைத்து, செடிகொடிகள் நிலைபெறும் பொறுப்பை ஐந்தாண்டும், மழை குன்றிய பகுதியிற் பத்தாண்டும் ஏற்குமாறு செய்தது. நம் நாட்டில் 2009இல் வந்த நெறிமுறைகளும் மூடுதற்செலவைத் தனிக்கணக்கில் முன்னரே வைப்பிடச் சொல்லின. 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம், தோண்டிய நிலத்திற் கால்நடை மேயத்தக்க புல்லை மீண்டும் வளர்த்தலை உரிமத்தின் நிபந்தனையாக்குமாறு அரசுக்குக் கட்டளையிட்டது. மரத்தை விடுத்துப் புல்லைச் சுட்டியது எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. சீமைக்கருவேலின் கீழ் அப்புல்லைக் காட்டுதல் எவர்க்கும் எளிதன்று.