மூதாதையர் ஊர் நாடி வருவோர்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயினும், தன் குலமூலம் யாது என அறிய விழையும் வேட்கை மாந்தர்க்கு இயல்பாகவே உள்ளது. பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடிவார்க்கு அவ்வேட்கை தோன்றுதல் அரிது. கடல் கடந்து சென்றோர் வழித்தோன்றல்களுக்கோ அஃது உள்ளத்தை உறுத்தும் வினாவாகின்றது. அவ்வினாவோடு, சென்ற பொங்கல் விடுமுறையில், எம்மூராகிய காவேரிப்பாக்கத்திற்கு ஓர் அம்மையார் வந்தார். தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன் நகரிலே பிறந்து வளர்ந்தவர். அகவை எழுபதுக்கு மேலிருக்கும். தமிழில் இரண்டொரு சொற்களே அறிந்தவர். அவர் கையில் இருந்தது ஒரேயொரு தாள். தம் பாட்டனாரின் தந்தை கப்பலேறியபோது எழுத்தர் எழுதிய ஒரு வரி அதிற் படியெடுக்கப்பட்டிருந்தது. அத்தகைய ஒரு வரியைக் கொண்டு மூதாதையர் ஊரைக் கண்டடைவது எங்ஙனம் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தற்பொருட்டு நம் நாட்டினர் ஒப்பந்தக் கூலிகளாய் நேட்டால் நாட்டிற்குச் செல்லத் தொடங்கியது 1860-ஆம் ஆண்டில். அவ்வாண்டு அக்டோபரில் சென்னையினின்று புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. 1911-இல் இம்முறை நின்றது. அதற்குள் அந்நாடு சென்றோர் சுமார் 1,52,000 பேர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறையில் ஏறியவர். மொரீஷியசு, பிஜி முதலிய தீவுகளுக்குச் சென்றோர் வேறு. பிஜிக்குச் சென்னையினின்று கப்பல்கள் சென்றது 1903-ஆம் ஆண்டு முதலாம். அவற்றில் ஏறியோரை மிகுதியாய் அனுப்பிய ஜில்லாக்களுள் வட ஆர்க்காடும் ஒன்று. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும்பஞ்சமும், நிலமின்மையும், கடனும், ஆள் சேர்ப்போரின் இன்சொல்லும் நம் பக்கத்து ஏழையரைக் கப்பலேற்றின.

இவர்களைக் கூலிக்கணக்காகவே கருதிய அரசாங்கம், அக்கணக்கை மட்டும் செவ்வனே எழுதி வைத்தது. நேட்டால் கப்பற் பட்டியலில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணை அடுத்துப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியன வரிசையாய்க் காணப்படும். பிஜித் தீவினர்க்கு ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு உண்டு. மொரீஷியசில் மோக்கா என்னுமிடத்திலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில், குடியேறினோர் பலருடைய நிழற்படங்களும் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஆதலின், தேடுவோர் முதற்கண் தம் வீட்டிலுள்ள பழைய திருமணச் சீட்டு, மரணச் சீட்டு ஆகியவற்றில் முன்னோரின் எண் உளதா எனக் காணல் வேண்டும். எண் கிடைப்பின் கப்பல் கிடைக்கும். கப்பல் கிடைப்பின் ஊர் கிடைக்கும்.

ஆயினும் வழியில் இடர்கள் பல. முதலாவது, பெயர்த் திரிபு. தமிழறியாத எழுத்தர் தம் செவிக்குப் பட்டவாறே எழுதினர். முனுசாமி என்பது மூன்சாமி எனவும், முதலி என்பது மூட்லி எனவும் ஆயின. தந்தையின் இயற்பெயரே மக்கட்குக் குடும்பப்பெயராய் நின்றுவிடுதலும் உண்டு. எம்மூர்ப் பெயரையே ஆங்கிலேயர் 'காவேரிபாக்' எனக் குறுக்கினர். 1752-இல் கிளைவு இங்குப் பொருத போரைக் கூறும் சரித்திர நூல்களிலும் அவ்வாறே காணலாம். இரண்டாவது, எல்லை மாற்றம். 1911-இல் வட ஆர்க்காட்டின் வடபகுதி பிரிந்து சித்தூர் ஜில்லாவிற் சேர்ந்தது. 1989-இல் எஞ்சியது இரண்டாயிற்று. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிய, எம்மூர் இராணிப்பேட்டை மாவட்டத்துள் அமைந்தது. எனவே, பட்டியலில் 'வட ஆர்க்காடு' எனக் கண்டவுடன் வேலூர்க்குப் பயணச்சீட்டு வாங்குதல் தவறு. தாலுக்காவையும் ஊரையும் பழைய தேசப்படத்தில் ஒத்துப் பார்த்த பின்னரே புறப்படுதல் வேண்டும்.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்து தேசத்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் பற்றியது. அதனால் விளைந்த பஞ்சத்தில் சுமார் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்கு மேற்பட்டோர் அமெரிக்கா முதலிய நாடுகளுக்குக் கப்பலேறினர். அவர் வழியினர் இன்று ஊர் தேடிச் செல்லுங்கால், அவர்க்கு எதிர்ப்படும் பெருந்தடை ஒரு தீயேயாகும். 1922-இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் நகரத்து ஆவண மனை எரிந்து, பழைய குடிக்கணக்குகளும் திருச்சபைப் பதிவேடுகள் பலவும் சாம்பலாயின. கத்தோலிக்கக் குருமார் தத்தம் பங்குக் கோயில்களிலேயே வைத்திருந்த ஞானஸ்நானப் பதிவேடுகளோ தப்பின. தலைநகரில் தொகுத்தவை அழிய, ஊரில் இருந்தவை எஞ்சின என்பது நாம் கருதத்தக்கது.

நம் ஊர்களில் எஞ்சியிருப்பவை யாவை? நிலக்கணக்கில் நிலமுடையார் பெயரே இருக்கும். கப்பலேறியவருட் பலர் நிலமற்றவர். கிறிஸ்தவராய்ச் சென்றவராயின், பட்டியலில் சாதி எழுதுமிடத்திலேயே 'கிறிஸ்தவர்' என எழுதப்பட்டிருத்தல் உண்டு. அவர் வழியினர் பழைய ஆலயங்களின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளைக் காணலாம். ஏனையோர்க்குக் குலதெய்வக் கோயிலும் முதியோர் நினைவுமே துணை.

அம்மையார் தாளில் எம்மூர்ப் பெயர் ஐயமின்றி இருந்தது. நான்கு தெருக்களிலும் அவரோடு நடந்தேன். அவர் தேடிய பெயர் பல வீடுகளில் இருந்தது. கடல் கடந்த கிளையை அறிந்தார் ஒருவருமிலர். மாலையில் ஏரிக்கரையில் நின்று, "அவர் எவ்வழியாய்ச் சென்றிருப்பார்?" என ஆங்கிலத்தில் வினவினார். அஃதொன்றற்கே என்னால் விடை கூற முடிந்தது. சென்னையிலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இலேயே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. ஆதலின், பெருவழியே நடந்து, அங்கே இரயிலேறிச் சென்றிருத்தல் கூடும் என்றேன். அவர் நெடுநேரம் அச்சாலையையே நோக்கி நின்றார்.

ஜோகானஸ்பர்கில் 1898-இல் பிறந்து, 1914-இல் அந்நாட்டு அறப்போரின் பயனாய் உயிர் நீத்த வள்ளியம்மை, தம் தாயின் ஊராகிய தில்லையாடியின் பெயராலேயே இன்றும் வழங்கப்படுகின்றார். சென்றவர்கள் ஊரை மறந்திலர். இருந்த நாமே சென்றவர்களை மறந்தோம். கடலுக்கு அப்பால் பாதி வரலாறு எழுத்தில் உள்ளது. மறுபாதி நம் பாட்டிமார் நாவில் உள்ளது. அஃது அவர்களோடு மறைந்துபோம். ஆதலின் மாணவ நண்பர் ஒவ்வொருவரும் அடுத்த விடுமுறையில் தம் இல்லத்து முதியோரிடம் கேட்டு, நான்கு தலைமுறையேனும் எழுதி வைத்தல் நலம்.

யானும் அன்றிரவே என் பாட்டியாரிடம் கேட்டேன். தம் பாட்டனார் பெயர் வரை கூறினார். பின்னர்ச் சற்று எண்ணி, "அவருக்குத் தம்பி ஒருவர் இருந்தார்; கப்பலேறிப் போனார் என்பார்கள். பெயர் தெரியாது" என்றார். எம் குடும்ப வேதாகமத்தின் முன்னேட்டில் அவர் கூறிய பெயர்களை எழுதினேன். தம்பிக்கென ஒரு வரி வெறிதாய் விட்டிருக்கின்றேன்.